அடுத்த வரி வரும் வரை கையை இறக்கக் கூடாது

அன்பு மருமகளுக்கு உன் மாமா எழுதும் கடிதம்.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனால் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டோம் என்கின்றன. சில குதிக்கின்றன, சில களைத்துப்போய் உட்கார்ந்துவிடுகின்றன. இந்த லாட்ஜ் மேசைக்கு ஒரு கால் குட்டை, அதனால் பாதிப் பழி மேசைக்கு, மீதிப் பழி எனக்கு. மூன்று சாயங்காலமாக எழுதுகிறேன். எங்கேயாவது மை திட்டாக இருந்தால், அந்த இடத்தில் நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

நான் சுகம். நீயும், என் மகனும், உன் அத்தையும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டு எழுதுகிறேன். அப்படிக் கேட்டு எழுதத் தெரிந்ததே எனக்குப் பெரிய சுகம். அறுபத்து நான்கு வயதில் எழுதும் முதல் கடிதம், எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளுக்கே போகிறது. இதை உன் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. நடுவில் அவள் சிரித்தால் நிறுத்தாதே, படித்துக்கொண்டே போ.

நான் கிளம்பிய அன்று நீ கொடுத்த தாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கம்பெனியில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கெல்லாம் இந்த மாதக் கடைசியில் உடல் தகுதிச் சோதனை என்று அறிவிப்பு வந்ததும் வீட்டில் நான் முகம் தொங்கி உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கும். இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு இருபத்தைந்து அடி நடக்க வேண்டும். அப்படிப் பத்து நடை. நடுவில் கீழே வைக்கக் கூடாது. வைத்தால், ஊர் ஊராகத் தராசு சரிபார்க்கப் போகிற எங்கள் வேனில் இடம் கிடையாது, தலைமை ஆபீஸ் வாசலில் ஒரு நாற்காலி. போன வருடம் என்னோடு கல் தூக்கிய ஆள் இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற கார்களுக்கெல்லாம் சலாம் வைக்கிறார். கார் இல்லாத நேரத்தில் நாய்க்கும் வைக்கிறார் என்று கேள்வி.

"ஜிம்முக்குப் போய்ப் பழகணும்னா நான் மாசத்துல இருபது நாள் வெளியூர்லதான் இருக்கேன், எந்த ஜிம்முக்குப் போறது?" என்று நான் கேட்டேன். நீதான் சொன்னாய்: "மாமா, எந்த ஊர் லாட்ஜா இருந்தாலும் ஒரு சுவர் இருக்கும், ஒரு நாற்காலி இருக்கும், மாடிப்படி இருக்கும். அது போதும். நான் எங்க ஆஸ்பத்திரியில கைகால் வராதவங்களுக்கே அதை வெச்சுத்தான் சொல்லிக் கொடுக்கறேன்." உன் அத்தை உடனே, "அவரு அந்த வயித்தைத் தூக்கிட்டு ஊர் ஊரா போறதே பயிற்சிதானேம்மா" என்றாள். நீ அதைக் காதில் வாங்காமல், எனக்காகக் கொட்டை எழுத்தில் எட்டுப் பயிற்சிகளை எழுதிக் கொடுத்தாய். கொடுக்கும்போது சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்: "ஒவ்வொரு வரியா படிங்க, ஒவ்வொண்ணா செய்யுங்க. மொத்தமாப் படிச்சிட்டு செஞ்சா மறந்துடுவீங்க."

அம்மா, எல்லாச் சங்கடமும் அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்தது.

முதல் ஊர் லாட்ஜில் காலையில் குளிப்பதற்கு முன் தாளைச் சுவரில் ஒட்டினேன். முதல் பயிற்சி, முதல் வரி: "நேராக நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள்." படித்தேன், தூக்கினேன். அடுத்த வரிக்குப் போனேன். அந்த வரியில் 'மூச்சை' என்று ஒரு சொல், 'இழுத்துக்கொண்டு' என்று ஒரு சொல். அந்த இரண்டாவது சொல் என்னை விடவில்லை. இழு வரை வந்துவிட்டேன், அதற்கு மேல் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகிறது. கை இரண்டும் மேலே. இறக்கலாமா என்றால், இறக்கச் சொல்லி இன்னும் நான் படிக்கவில்லை. அடுத்த வரியில்தான் இறக்கச் சொல்லியிருக்கிறாய் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அறை துடைக்கிற அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அறை முழுக்க ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஐயா, யாரு உங்களை இப்படி நிக்க வெச்சுட்டுப் போனது? போலீசைக் கூப்பிடட்டுமா?" என்றார். "என் மருமகம்மா" என்றேன். அவர் துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அடப்பாவமே, இந்தக் காலத்து மருமகளுங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். உன் பேரைக் கெடுத்துவிட்டேன், மன்னிக்கவும். ஊரை விட்டுக் கிளம்பும் வரை தினமும் எனக்கு ஒரு சோப்பு அதிகமாக வைத்தார்.

மூன்றாவது பயிற்சி அதைவிட மோசம். சுவரில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி, நெற்றி சுவரைத் தொடுவதற்கு முன் நிறுத்தச் சொல்லியிருந்தாய். நிறுத்தினேன். ஆனால் தாள் அந்தச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. நெற்றி அவ்வளவு பக்கத்தில் போனதும் எழுத்தெல்லாம் எறும்புக் கூட்டம் மாதிரி கலங்கிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று படிக்க வேண்டுமானால் பின்னால் வர வேண்டும், பின்னால் வரலாம் என்று நீ சொல்ல வேண்டும். சுவரை முட்டப்போகிற ஆடு மாதிரி நின்றேன். கடைசியில் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் படிக்கப் போய், நெற்றி சுவரில் இரண்டு தடவை இடித்தது. பக்கத்து அறைக்காரர் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவரும் இரண்டு தடவை தட்டினார். மரியாதைக்கு நானும் ஒரு தடவை தட்டினேன். அவர் வந்து கதவைத் திறந்து, "என்ன சார் வேணும்?" என்றார். நான் நின்ற வாக்கிலேயே அவரை அடுத்த வரியைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தார். பிழைத்தேன்.

எட்டுப் பயிற்சியும் முடிக்க முதல் நாள் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தோளும் தொடையும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தன. வேனில் ஏற எங்கள் டிரைவர் கை கொடுத்தான். அவனுக்கு நூற்றுப் பத்துக் கிலோ, அதனால் எல்லோரும் அவனைப் பஞ்சு என்று கூப்பிடுகிறோம். "என்னண்ணே, நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" என்றான். உடற்பயிற்சி செய்கிறேன் என்றேன். "உடம்பு நல்லா ஆகத்தானே அது?" என்றான். அவனுக்கும் வயது ஐம்பத்திரண்டு, அவனுக்கும் அதே சோதனை உண்டு. ஆனால் டிரைவருக்கு ஸ்டீரிங் பிடித்தால் போதும் என்று அவன் பாட்டுக்கு இருந்தான்.

நான் ஏன் இவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். கல் தூக்காவிட்டால் என்ன, வாசலில் நிழலில் உட்கார்ந்திருக்கலாமே என்று என் மகன் சொன்னான். அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் முப்பத்தொரு வருடமாக நான் இந்த வேனில் ஊர் ஊராகப் போகிறேன். ஒவ்வொரு மில்லிலும் ஒவ்வொரு கிடங்கிலும் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நான் கல்லைத் தூக்கி வைப்பேன், சூப்பர்வைசர் பார்த்துத் திருத்துவார். இத்தனை ஊரிலும் எனக்கு எந்தப் பலகையும் பேசியதில்லை. வளைவை வைத்து, மரத்தை வைத்து, டீக்கடைக்காரர் மூக்கை வைத்து ஊரை அடையாளம் வைத்திருந்தேன். இந்தத் தடவைதான் வேன் ஜன்னலில் உட்கார்ந்து ஊரைப் படிக்கிறேன். பதினெட்டு வருடமாக ஏதோ கோர்ட் என்று நினைத்து, முன்னால் போகும்போது தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த கட்டடம், மெத்தை விற்கிற கடையாம். ஒரு பாலத்தின் மேல் 'மெதுவாகச் செல்லவும்' என்று எழுதியிருக்கிறது. என்னைப் பார்த்தே எழுதியது போல இருந்தது. இப்போதுதான் உலகம் என்னிடம் வாயைத் திறந்திருக்கிறது, இப்போது போய் என்னை நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரே ஒரு பலகையைத்தானே வாழ்நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பேன்? அதுவும் எங்கள் கம்பெனிப் பலகை. மூன்றே சொல்.

ஆகையால் விடவில்லை. ஒரு நாள்கூட மனப்பாடமாகச் செய்யவில்லை. வரி மனதில் பதிந்துவிட்டது என்று தோன்றினாலும், எழுத்தைத் தொட்டுப் படித்த பிறகுதான் கையைக் காலை அசைத்தேன். படிக்காமல் செய்தால் உன்னை ஏமாற்றியதாகும் என்று எனக்கு ஒரு பயம். மாடிப்படியும் ஏறினேன். இரண்டாவது ஊரில் லாட்ஜுக்கு நான்கு மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், அதை நான் நின்று படித்துவிட்டுத்தான் ஏறுவேன். மூன்று நாள் பார்த்துவிட்டு லாட்ஜ் மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சார் எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு சொல்லிட்டா நாங்களும் கொஞ்சம் ரெடியா இருப்போம்" என்றார். எடை பார்க்கிற டிபார்ட்மெண்ட் என்றேன். அன்று சாயங்காலமே அவர் படியெல்லாம் கழுவி, பழைய அறிவிப்புகளைக் கிழித்துப் புதிதாக ஒட்டினார். எனக்குப் படிக்கப் புதிதாகக் கிடைத்தது.

இப்படி இரண்டு வாரம் ஆனதும் ஓர் அதிசயம் நடந்தது. ஒன்றரை மணி நேரம் ஆன எட்டுப் பயிற்சியும் ஒரு மணி நேரத்துக்கு வந்தது, பிறகு முக்கால் மணி, பிறகு இருபது நிமிடம். கை வலிக்கவில்லை. தொடை நடுங்கவில்லை. நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்வது போல் சுவரில் சாய்ந்து நிற்கிற ஏழாவது பயிற்சியில் முதல் வாரம் கண்ணில் பூச்சி பறந்தது, இப்போது ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். மார்பு நிமிர்ந்திருப்பதாகப் பட்டது. இவ்வளவு பலம் வந்த பிறகு வெறும் கையோடு பயிற்சி செய்வது அவமானம் என்று நினைத்தேன். புத்தி அங்கேதான் கெட்டது. அன்று சாயங்காலம் வேனிலிருந்து ஓர் ஐந்து கிலோ எடைக்கல்லைத் துண்டில் சுற்றி அறைக்குக் கொண்டுபோனேன். தூக்கினேன், இறக்கினேன், கட்டிலுக்கு அடியில் வைத்தேன். வைத்ததை மறந்தேன்.

மறுநாள் காலை ஒரு மாவு மில். மேடைத் தராசில் நூறு கிலோ வைக்கச் சொன்னார் சூப்பர்வைசர். எங்கள் சூப்பர்வைசர் நூல் மாதிரி ஒல்லி, பேச்சும் அளந்துதான் வரும். நான் நான்கு இருபது கிலோக் கல்லை வைத்தேன், சின்னப் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தேன். பெட்டியில் எப்போதும் நான்கு ஐந்து கிலோக் கற்கள் இருக்கும், அதனால் நான் எண்ணுவதில்லை. முப்பத்தொரு வருடத்தில் எண்ணத் தேவை வந்ததில்லை. தராசு தொண்ணூற்றைந்து காட்டியது.

"அஞ்சு கிலோ குறைச்சுக் காட்டுது" என்றார் சூப்பர்வைசர். மில்காரர் முகம் வெளுத்துப்போய், "அப்படின்னா இத்தனை வருஷமா நான் ஊருக்கே அள்ளி அள்ளிக் குடுத்திருக்கேனா?" என்று மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சூப்பர்வைசர் தராசின் வயிற்றைத் திறந்து, முக்கால் மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க முடுக்கித் தளர்த்தி, நூறு காட்ட வைத்துவிட்டு நிமிர்ந்தார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊர்த் தராசும் திருத்தி முடிந்ததும் முதலில் நான் ஏறி என் எடையைப் பார்த்துக்கொள்வேன். முந்தின ஊரில் எழுபத்து நான்கு. இங்கே ஏறினேன். எழுபத்தெட்டு.

மூன்று நாளில் நான்கு கிலோ ஏறிவிட்டேன், அம்மா! இவ்வளவு பயிற்சி செய்தும் ஏறினால், செய்யாமல் இருந்திருந்தால் வேன் டயரே வெடித்திருக்குமே என்று மனம் நொந்து இறங்கினேன். மறுபடி ஏறினேன். அதே எழுபத்தெட்டு. "அண்ணே, செருப்பைக் கழட்டிப் பாருங்க" என்றான் பஞ்சு. செருப்பில் நான்கு கிலோ இருக்குமா என்று அவனைத் திட்ட வாயைத் திறந்தபோதுதான், கட்டிலுக்கு அடியில் துண்டோடு கிடக்கிற கல் கண் முன்னால் வந்தது. ஏறியது நான் இல்லை, தராசு.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மில்லில் மாவு வாங்குகிறவர்களெல்லாம் எனக்கு முன்னால் வரிசையாக வந்து நிற்பது போல் இருந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் போய், "ஐயா, தப்பு தராசு மேல இல்ல, என் மேல. ஒரு கல்லு என் ரூம்ல இருக்கு" என்றேன்.

அவர் திருப்புளியைத் துடைத்தார். பிறகு, "எதுக்குப் பெரியவரே ரூமுக்குக் கொண்டுபோனீங்க?" என்றார்.

"பலம் வர்றதுக்கு."

"முப்பது வருஷமா அதைத்தானே தூக்கறீங்க? வராத பலமா ஒரு ராத்திரியில வரப்போகுது?"

மில்காரர் மட்டும் மூட்டையிலிருந்து துள்ளி எழுந்து, "அப்போ நான் யாருக்கும் அள்ளிக் குடுக்கலையா? அப்பாடா!" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டீ இறங்கவில்லை. தராசை மறுபடி திறந்து பழையபடி வைத்துவிட்டு சூப்பர்வைசர் சொன்னார்: "சோதனைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. அது வரைக்கும் நீங்க கல்லைத் தொட வேண்டாம். நான் பார்த்துக்கறேன்." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த மில்லில் அந்த ஒல்லி மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல் தூக்குவதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

எனக்கிருந்த ஒரே தைரியம் உடம்பு தேறிவிட்டது என்பதுதான். அன்று மாலை பஞ்சுவை அறைக்குக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருடா, ஒன்றரை மணி நேரம் பண்ணினதை இப்ப இருபது நிமிஷத்துல பண்றேன்" என்று செய்து காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே பார்த்தான். நான் கையைத் தூக்கினேன், படித்தேன், இறக்கினேன். தூக்கினேன், படித்தேன், இறக்கினேன். மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். முதல் வாரம் கையைத் தூக்கிட்டு அடுத்த வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அது ஆச்சு, நாலு நிமிஷம்."

"இப்ப?"

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள படிச்சிடறேனே!"

"அப்படின்னா உங்களுக்குத் தேறினது உடம்பு இல்லண்ணே. படிப்பு."

மருமகளே, நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நாலு நிமிடம் தூக்கி வைத்திருந்த கையை இப்போது நாலு விநாடி தூக்குகிறேன், வலிக்கவில்லை என்று மார்பை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வாரம் முழுக்க நான் ஓய்வெடுத்திருக்கிறேன், அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறேன். வயிறு எரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. இவ்வளவு வேகமாகவா படிக்கிறேன்! அழுவதா சிரிப்பதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, பஞ்சு கடலைத் தோலை ஊதிவிட்டு, "வரி சின்னதா போச்சு, அவ்வளவுதானே? பெரிய வரியாப் பிடிங்க" என்றான். கடலை மடித்து வந்த செய்தித்தாளைப் பிரித்து சுவரில் ஒட்டினான்.

அன்றிலிருந்து ஆறு நாளும் செய்தித்தாள்தான். சுவரில் சாய்ந்து நாற்காலி மாதிரி உட்கார வேண்டியது, ஒரு செய்தி முழுவதும் படித்து முடித்த பிறகுதான் எழ வேண்டியது. முதல் நாள் 'வீடு வாடகைக்கு' என்ற விளம்பரத்தைத் தாண்ட முடியவில்லை. இரண்டாம் நாள் 'காணவில்லை' வரை போனேன். காணாமல் போனவர் கிடைத்தாரா இல்லையா என்று அதில் போடவில்லை, அந்தக் கவலையில் இன்னும் இரண்டு நிமிடம் தாங்கினேன். கையை நீட்டிக்கொண்டு வானிலை, படியில் ஏறி இறங்கிக்கொண்டு விளையாட்டு. நான்காம் நாள் தலையங்கத்தில் கை வைத்தேன். அப்பப்பா, அதை எழுதுகிறவர் முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பதையே மறந்தவர். பாதியில் சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் நாள் முடித்தேன். அதில் என்ன சொல்லியிருந்தது என்று கேட்காதே, தொடைக்குத்தான் தெரியும்.

சோதனை இன்று காலை நடந்தது. இந்த ஊரில் எங்கள் கம்பெனிக்கு ஒரு கிளை ஆபீஸ் இருக்கிறது, அதன் பின்கட்டில் டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூட ஒரு நர்சம்மா. இருபத்தைந்து அடிக்கு இந்தக் கோடியில் சுண்ணாம்புக் கோடு, அந்தக் கோடியில் மேசை. எதிர்ச் சுவரில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெரிய பலகை. நான் நடையை எண்ணவில்லை, ஒரு நடைக்கு ஒரு வரி என்று பலகையைப் படித்தேன். அலாரத்தை அடித்தேன், ஜன்னலைச் சாத்தினேன், லிஃப்டைத் தவிர்த்தேன். ஏழாவது நடையில் விரல் வழுக்கியது. எட்டாவது நடையில் முழங்கால் ஒரு தடவை மடங்கிப் பார்த்தது. தலையைத் தூக்கினால் எட்டாவது வரி, 'பதற்றப்பட வேண்டாம்'. சரி என்று பதற்றப்படவில்லை. பத்தாவது நடையில் கல்லை மேசை மேல் வைத்தபோது மேசை கிறீச்சிட்டது. நான் கிறீச்சிடவில்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "ம்" என்றார். அந்த 'ம்'மில் நல்லது இருந்ததா கெட்டது இருந்ததா என்று தெரியவில்லை.

எனக்கு அடுத்து பஞ்சு போனான். அவன் மூன்று நடையில் நிறுத்திவிட்டு, "டாக்டர், கல்லு பஸ்ல வராதா?" என்று கேட்டது வெளியே பெஞ்சு வரை கேட்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேனை எடுக்கப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் நர்சம்மா வந்து, "ஒண்ணு வந்துடுச்சு, இன்னொண்ணு கையெழுத்தாகி நாளைக்கு வரும்" என்று ஒரு தாளைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். நான்தான் முதலில் போனவன், என்னுடையதுதான் முதலில் வரும். மேலே நான்கு வரி பொடி எழுத்து. கம்பெனி விலாசமும் மற்றதுமாக இருக்கும் என்று அதைத் தாண்டி, 'தகுதி' என்கிற சொல்லைத் தேடிப் போனேன். கிடைத்தது. 'சுமை தூக்கும் பணி' என்று எழுதி, பக்கத்தில் 'தகுதி இல்லை.'

முன்பெல்லாம் கெட்ட செய்தியை யாராவது சுற்றி வளைத்து, தோளில் கை போட்டுச் சொல்வார்கள். படிக்கத் தெரிந்தால் நேராக வந்து அடிக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. படிக்கப் பயமாக இருந்தது, படிக்காமல் இருக்கவும் முடியவில்லை. 'பயணப் பணி: தகுதி உண்டு.' மூன்று தடவை படித்தேன். கல் தூக்கக் கூடாது, ஆனால் ஊர் சுற்றலாம். இப்படி ஒரு வேலை எங்கே இருக்கிறது?

சூப்பர்வைசர் வேன் அருகில் நின்றிருந்தார். தாளைக் காட்டக்கூடத் தோன்றவில்லை, வாயாலேயே சொன்னேன். அவர் தன் இடுப்பைத் தடவிக்கொண்டு யோசித்தார். "கல்லுக்குத் தள்ளுவண்டி ஒண்ணு கேட்டு ஒரு வருஷமாச்சு. இப்பக் கேட்டாக் குடுப்பாங்க" என்றார். பிறகு, "பெரியவரே, தராசு காட்டறதைப் பார்த்துப் படிவத்துல எழுதணும். நானே திருத்திட்டு நானே எழுதினா தப்பு வருது. நீங்க எழுதறீங்களா?" என்றார்.

"என் எழுத்து கோணலா இருக்குமே ஐயா."

"எழுத்து கோணலா இருக்கலாம், எடை நேரா இருக்கணும். மாவு மில்லுல யாரும் கேக்காமயே உண்மையைச் சொன்ன ஆளு நீங்கதானே. அதுக்கு அதுதான் வேணும்."

முப்பத்தொரு வருடமாகப் படிவத்தின் கீழே கட்டை விரலை மட்டும் வைத்தவன் நான். இனிமேல் படிவம் முழுக்க என் கை. கல்லை விடுவதில் வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு கல்லின் கைப்பிடியும் என் உள்ளங்கைக்குத் தெரியும். ஆனால் விட்டுவிட்டேன் என்று தைரியமாக எழுதுகிறேன். நாற்பது வயதில் இந்த வேலை கிடைத்திருந்தால்கூட எனக்குச் செய்யத் தெரிந்திருக்காது. என் மகனிடம் சொல், அப்பா இனி சுமை தூக்கமாட்டார், எழுதுகிற வேலை. உன் அத்தையிடம் கொஞ்சம் மெதுவாகச் சொல், நம்ப நேரம் பிடிக்கும்.

நீயும் என் மகனும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருடம் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உன் அத்தையைக் கேட்டதாகச் சொல். அவள் முழங்கால் வலிக்குப் பயிற்சி வேண்டுமானால் நானே தாளில் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் எழுத்தும் உடம்பும் கற்ற
உன் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடிக்க மனம் வரவில்லை, மூன்று சாயங்கால உழைப்பு. ஆனால் இன்று காலை நர்சம்மா இன்னொரு தாளைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை நிதானமாக மேலேயிருந்து படித்தேன். அந்த நான்கு பொடி வரியில் கம்பெனி விலாசத்துக்குக் கீழே ஆள் பெயர் போட்டிருக்கிறார்கள். இதில் இருப்பது என் பெயர். 'சுமை தூக்கும் பணி: தகுதி உண்டு. பயணப் பணி: தகுதி உண்டு.' நேற்று நான் மூன்று தடவை படித்துக் கலங்கிய தாள் பஞ்சுவுடையது. ஸ்டீரிங் பிடிக்க அவனுக்கு அதுவே போதுமாம். ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் சிரித்து நான் இன்றுதான் பார்க்கிறேன். "சொன்ன சொல் சொன்னதுதான். எழுதவும் செய்யுங்க, தூக்கவும் செய்யுங்க" என்றார். ஆக, இனி கல்லும் எனக்கு, பேனாவும் எனக்கு. பஞ்சுவின் தாளில் கடைசியாக 'தினமும் உடற்பயிற்சி கட்டாயம்' என்றும் இருக்கிறது. அதனால் உன் தாளை இப்போது அவனுக்காகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அவனே படித்தால் ஓட்டமாகப் படித்துவிடுவான், பலம் வராது. ஆகவே படிப்பது நான், செய்வது அவன். ஏழாவது பயிற்சியில் சுவரோடு சாய்ந்து நாற்காலியாக நின்றுகொண்டிருக்கிறான். அடுத்த வரியைப் படிப்பதற்குள் இதை உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். "அண்ணே, யாருக்கு வேணும்னாலும் அப்புறமா எழுதுங்கண்ணே, தொடை போச்சுண்ணே" என்று கத்துகிறான். முகம் செவ்வானமாகிவிட்டது. மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன், நான் போய் அவனை எழுப்ப வேண்டும்.